சொன்ன பிறகு யார் துணை?

ஒரு கதை எந்த இடத்தில் முடிகிறது என்பதைக் கொண்டே, அதைச் சொன்னவர் எதை நீதி எனக் கொள்கிறார் என்று அறிந்துவிடலாம். குற்றவாளி கைதானவுடன் முடிகிற கதைக்குக் கைதே நீதி. அவன் வெட்டுண்டு வீழ்ந்தவுடன் முடிகிற கதைக்குக் குருதியே நீதி. தீங்குக்கு ஆளான குழந்தை மீண்டும் பள்ளிக்குச் சென்று தன் பழைய இடத்தில் அமரும் நாள்வரை ஒரு கதை நீளுமானால், அது வேறொரு நீதியைத் தேடுகிறது எனலாம். இந்த அளவுகோலைக் கொண்டு அண்மைக்காலத் தமிழ்த் திரைப்படங்கள் இரண்டை அளந்து பார்க்க விரும்புகிறோம். 2022 ஜூலையில் வெளிவந்த, கௌதம் ராமச்சந்திரன் இயக்கிய ‘கார்கி’ ஒன்று. 2023 செப்டம்பர் 28 அன்று வெளிவந்த, எஸ்.யு. அருண்குமார் இயக்கிய ‘சித்தா’ மற்றொன்று. இரண்டும் குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையைப் பொருளாகக் கொண்டவை.

மறைமாவட்ட இதழில் திரைப்படத் திறனாய்வுக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். நம் மக்களுள் பெரும்பாலோர் சட்ட நூலைப் புரட்டியவர்கள் அல்லர்; மறையுரைகளில் இப்பொருள் பேசப்படுவதும் அரிது. ‘இப்படி ஒன்று நம் வீட்டில் நேர்ந்தால் என்ன செய்வது?’ என்ற கேள்விக்கு அவர்கள் மனத்தில் முன்னரே பதிந்துள்ள விடை பெரும்பாலும் திரையிலிருந்து வந்ததே. எனவே திரை எதைக் கற்பிக்கிறது, எதைக் கற்பிக்காமல் விடுகிறது என்று ஆராய்வது நமக்கும் உரிய பணிதான்.

தருமபுரி மாவட்டத்தில் வாழும் நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘சித்தா’ திரைக்கு வந்த மறுநாள், 2023 செப்டம்பர் 29 அன்று, நம் மாவட்டத்து வாச்சாத்தி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருபுறம் திரையில் ஒரு கதை. மறுபுறம் நீதிமன்றத்தில் முப்பத்தோராண்டு நடந்த கதை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், நம் கதைகளில் எது விடுபட்டிருக்கிறது என்பது தெளிவாகும்.

நம்ப மறுக்கும் மனம்

‘கார்கி’யில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அடுக்குமாடிக் குடியிருப்பில் பலரால் சிதைக்கப்படுகிறாள். நால்வர் பிடிபட்ட பின், அங்கே காவலாளியாகப் பணிபுரியும் வயதான பிரம்மானந்தம் ஐந்தாமவராகக் கைது செய்யப்படுகிறார். அவருடைய மகள் கார்கி பள்ளி ஆசிரியை. தந்தை இத்தகைய செயலைக் கனவிலும் செய்யமாட்டார் என்று உறுதியாக நம்புகிறாள். ஊரும் ஊடகமும் வீட்டை முற்றுகையிட, அனுபவம் குறைந்த, பேச்சுத் திக்கும் இளம் வழக்கறிஞர் ஒருவர் மட்டும் துணைக்கு வருகிறார். சாய் பல்லவியும் காளி வெங்கட்டும் ஆர்.எஸ். சிவாஜியும் மிகையின்றி நடித்துள்ளனர்.

படத்தின் வல்லமை, காண்போராகிய நம்மை அது அமரவைக்கும் இடத்தில் உள்ளது. நாம் கார்கியின் பக்கத்தில் அமர்கிறோம். அவளது வறுமையும் நேர்மையும் நம்மைக் கவர்கின்றன. அந்த முதியவர் விடுபடவேண்டும் என்று நாமும் ஏங்குகிறோம். அவர் விடுபடவேண்டுமானால் அந்தச் சிறுமி ஆளைத் தவறாக அடையாளம் காட்டியிருக்கவேண்டும். இந்த எண்ணம் நம் உள்ளத்தில் எப்போது நுழைந்தது என்பதை நாமே உணர்வதில்லை. இறுதியில் முதியவர் குற்றவாளிதான் எனத் தெரியவரும்போது, நாம் வெட்கித் தலைகுனிகிறோம். ஒரு குழந்தை சொல்வதைவிட, நமக்குப் பிடித்த பெரியவரின் முகத்தையே நம்பினோம் அல்லவா? உறவினர், ஆசிரியர், அண்டை வீட்டார், ஆம், அருட்பணியாளர் மீதும் ஒரு குழந்தை புகார் சொல்லும்போது நல்லவர்கள் செய்வதும் இதுவே. இந்த ஒரு பாடத்துக்காகவே ‘கார்கி’யை நம் பங்குகளில் திரையிட்டுக் கலந்துரையாடலாம்.

ஆனால் இப்படத்திலும் அந்தச் சிறுமி பெரும்பாலும் ஒரு சான்றுப் பொருளாகவே நிற்கிறாள். அவள் நினைவு சரியா, அவள் காட்டிய ஆள் சரியா என்பதே வாதம். அவள் அருகே யார் அமர்ந்திருந்தார், அவளுடைய தாய்க்கு யார் ஆறுதல் சொன்னார், அடுத்து என்ன நடக்கும் என்பதை அக்குடும்பத்துக்கு யார் விளக்கினார் என்பவை கதையின் விளிம்புக்கு அப்பால் இருந்துவிடுகின்றன.

பழியா, பரிவா?

‘சித்தா’ பழனியில் நிகழ்கிறது. அண்ணனை இழந்த ஈஸ்வரன், அண்ணியையும் அண்ணன் மகளையும் தாங்கி வாழும் நகராட்சி ஊழியர். ‘சித்தப்பா’ என்பதைச் சுருக்கி ‘சித்தா’ என்று அந்தக் குழந்தை அழைக்கிறாள். அவளுடைய தோழியான மற்றொரு சிறுமிக்குத் தீங்கு நேர்கிறது. அவளால் சொல்ல இயலவில்லை. ஐயம் ஈஸ்வரன் மீது விழுகிறது. பின்னர் அவர் வளர்க்கும் குழந்தையே கடத்தப்படுகிறாள்.

கொடுமையைக் காட்சியாக்கிக் காசு பண்ணும் வழக்கத்தை இயக்குநர் முற்றாகத் தவிர்த்தது பாராட்டுக்குரியது. ஒரு குழந்தை வாயடைத்து நிற்கும்போது பெரியவர்கள் அடுக்கும் கேள்விகளே அவளை மேலும் வாயடைக்கச் செய்வதை முன்பகுதி நுட்பமாகக் காட்டுகிறது. நிமிஷா சஜயன் ஏற்ற சக்தி என்னும் தூய்மைப் பணியாளர் பாத்திரம் படத்தின் மனச்சான்று. சிறுவயதில் தனக்கே இக்கொடுமை நேர்ந்ததை அவள் வெளிப்படுத்துகிறாள். கொலைவெறியோடு அலையும் ஈஸ்வரனிடம், இந்த வெறி யாருடைய ஆறுதலுக்காக, குழந்தைக்கு இப்போது வேண்டியது என்ன என்று கேட்கத் துணிகிறாள். தமிழ்த் திரையில் பழிவாங்கும் வீரனை நோக்கி இப்படிக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

இருப்பினும் அந்தக் கேள்வி எழுவதற்குள் படத்தின் பெரும்பகுதி ஓடிவிடுகிறது. பின்பாதியைத் தேடலும் துரத்தலும் நிரப்புகின்றன. முதலில் தீங்குக்கு ஆளான சிறுமி பின்னணிக்குச் சென்றுவிடுகிறாள். மேலும், துரத்திப் பிடிக்கத்தக்க கொடியவன் ஒருவன் வெளியே இருக்கிறான் என்ற எண்ணம் நம்மில் வலுப்படுகிறது. நாட்டின் உண்மை நிலை வேறு. தேசியக் குற்றப் பதிவகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர். அவர் தந்தையாகவோ மாமனாகவோ, அன்றாடச் சோற்றுக்கு வழிசெய்பவராகவோ இருக்கும்போது பழிவாங்கும் கதை பயனற்றுப் போகிறது. புகார் கொடுத்த அன்றே வீட்டின் வருமானம் நின்றுவிடுகிறது. தாய் கணவனுக்கும் மகளுக்கும் இடையில் நிற்கிறாள். சுற்றத்தார் சமாதானம் பேச வருகிறார்கள். அந்த வீட்டுக்கு வேண்டியது வீரன் அல்லன். உடன் நின்று வழிகாட்டும் ஓர் ஆள்.

தாமாரின் மௌனம்

இந்தக் குறை திரைப்படத்துக்கு மட்டும் உரியதன்று. விவிலியத்திலேயே இதன் பழைய வடிவம் உள்ளது. சாமுவேல் இரண்டாம் நூலின் 13ஆம் அதிகாரத்தை நம் வாசகர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். தாவீதின் மகள் தாமார் தன் தந்தையின் மகனான அம்னோனால் கெடுக்கப்படுகிறாள். அவனுக்கு உணவு சமைக்குமாறு அவளை அனுப்பியவரே அரசர்தாம். அவள் மறைக்கவில்லை. தலையில் சாம்பலைத் தூவி, உடையைக் கிழித்துக்கொண்டு, வழியெல்லாம் கதறியவாறு செல்கிறாள். இதைவிட வெளிப்படையாக ஒரு பெண் எப்படி முறையிட முடியும்?

கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? உடன்பிறந்த அண்ணன் அப்சலோம் அவளைப் பேசாதிருக்கச் சொல்கிறான். தந்தையும் நடுவருமான தாவீது கடுஞ்சினம் கொள்கிறார். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொல்விக்கிறான். அதன்பின் கதை முழுவதும் அப்சலோமுடையது: அவனது ஓட்டம், கலகம், சாவு, தந்தையின் அழுகை. தாமார் அண்ணன் வீட்டில் ஆதரவற்றுக் கிடந்தாள் என்பதோடு அவளைப் பற்றிய செய்தி நின்றுவிடுகிறது. அப்சலோம் தன் மகளுக்கு அவள் பெயரை இட்டான் என்பது மட்டுமே பின்னர் நாம் அறிவது.

குருமடங்களில் இப்பகுதியைத் தாவீதின் குடும்பத்தின் மீது வந்த தண்டனையின் வரலாறாகப் பயில்வது வழக்கம். தாமாரின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். அண்ணனின் பாசம், அரசரின் சினம், நடுவரின் அதிகாரம், பாதுகாப்பான வீடு ஆகிய அனைத்தும் அவ்வரண்மனையில் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே இருந்தது, அவளுக்காக ஒன்றுசேரவில்லை. சொன்னவளை மௌனமாக்கிவிட்டு அவளுக்காகப் பழிவாங்கினான் அண்ணன். நம் திரைக்கதைகள் இன்னும் அப்சலோமின் பின்னாலேயே ஓடுகின்றன என்பது நமது முதன்மையான குற்றச்சாட்டு.

நம் மாவட்டத்தின் இரு வழக்குகள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அரூர் வட்டத்து வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன. மக்கள் அடித்து நொறுக்கப்பட்டனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அவர்களுள் பதினெட்டு வயது நிரம்பாதோரும் இருந்தனர். பின்னர் பெண்களும் குழந்தைகளும் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். யாரிடம் முறையிட வேண்டுமோ அவர்களே தீங்கிழைத்தவர்கள். முறையிட வேண்டியவர்களோ சிறையில். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அரசுத் தரப்பு மறுத்தது.

அந்த மௌனத்தை உடைக்கப் பலர் வேண்டியிருந்தனர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் ஊருக்குள் சென்று மக்களை ஒன்றுதிரட்டியது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரியாயிருந்த பாமதி நேரில் விசாரித்து அறிக்கை அளித்தார். 1995இல் உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு ஆணையிட்டது. 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துபோயிருந்தனர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். அவர்களுள் 126 பேர் வனத்துறையினர், 84 பேர் காவல்துறையினர், 5 பேர் வருவாய்த்துறையினர். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023இல் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அக்காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார்.

இது வெற்றியின் வரலாறு என்று எழுதுவோர் உண்டு. வெற்றிதான். ஆனால் அந்தப் பெண்கள் எத்தனை அதிகாரிகளிடம், எத்தனை வழக்கறிஞர்கள் முன்னிலையில், எத்தனை முறை அந்த நாளைத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். சிறுமியராக அதைச் சொல்லத் தொடங்கியவர்கள் நடுவயதைக் கடந்த பின்னரே இறுதிச் சொல்லைக் கேட்டனர். அவர்கள் உடைந்துபோகாமல் நின்றதற்குக் காரணம், எவரும் தனியே நிற்கவில்லை என்பதே. ஊர் சேர்ந்து நின்றது. ஊரோடு இயக்கம் நின்றது. முன்னின்று துணை நின்றவர்கள் இடதுசாரிகள் என்பதைச் சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. நன்மை எங்கே நடந்தாலும் அதை நன்மை என்று அழைப்பதே முறை.

இரண்டாவது வழக்கு அண்மையது. 2018 நவம்பரில், தீபாவளிக்கு விடுதியிலிருந்து வீடு வந்திருந்த மேனிலைப் பள்ளி மாணவி ஒருத்தி, அதே அரூர் வட்டத்தின் மலைச் சிற்றூர் ஒன்றில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். ஒருசில நாள்களுக்குள் தருமபுரி அரசு மருத்துவமனையில் அவள் உயிர் பிரிந்தது. காவல் நிலையத்தில் புகாரைப் பதிவதில் காலந்தாழ்ந்தது, பணம் கேட்கப்பட்டது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல் காப்பகத்துக்கு அனுப்பினார்கள் என்று குடும்பத்தாரும் மலைவாழ் மக்கள் அமைப்புகளும் குற்றஞ்சாட்டினர். ஊரே போராட்டத்தில் இறங்கியது.

இந்த இரண்டாம் நிகழ்ச்சி நம்மைக் கூடுதலாக வருத்தவேண்டும். வாச்சாத்தியின் காலத்தில் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2018இலோ எல்லாம் இருந்தன: சட்டம், குழந்தைகள் நலக்குழு, இலவச உதவி எண், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தாவீதின் அரண்மனையைப் போலவே, தனித்தனியே எல்லாம் இருந்தன.

சட்டம் வரைந்த பாதை

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. ‘போக்சோ’ என்ற பெயரில் நாளிதழ்களில் அன்றாடம் இதைப் படிக்கிறோம். தண்டனையை மட்டுமே நினைவில் கொள்கிறோம். ஆனால் அச்சட்டத்தின் பெரும்பகுதி, சொன்ன குழந்தையை எப்படி நடத்தவேண்டும் என்பதைப் பற்றியது. அவளது வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் காவல் அதிகாரி, சீருடை இன்றிப் பதிவுசெய்ய வேண்டும். இரவில் எந்தக் குழந்தையையும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். காவல் நிலையத் தாளைக் கேட்டு மருத்துவத்தைத் தாமதிக்கக் கூடாது என்று விதிகள் கூறுகின்றன. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைக் குழந்தை பார்க்கும்படி நேரக்கூடாது. அவளை மீண்டும் மீண்டும் அழைத்துச் சாட்சி கேட்கக் கூடாது. வழக்கை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும்.

இவ்வளவும் நன்றே. ஆயினும் மலையிலிருந்து இறங்கிவரும் ஒரு குடும்பத்தின் கண்ணால் பாருங்கள். காவல் நிலையம் ஓரிடம், மருத்துவமனை ஓரிடம், நடுவர் ஓரிடம், குழந்தைகள் நலக்குழு ஓரிடம், இழப்பீட்டுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஓரிடம், இறுதியில் சிறப்பு நீதிமன்றம். ஆறு வாசல்கள், ஒவ்வொரு வாசலிலும் ‘என்ன நடந்தது, சொல்’ என்ற கேள்வி. ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலியை விழுங்குகிறது. பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போன பெற்றோர் திரும்பி வரவேண்டும். எந்தத் தாளில் கையொப்பமிட்டோம், வழக்கு எந்த நிலையில் உள்ளது என்று சொல்வார் இல்லை. ‘விட்டுவிடுவோம்’ என்று குடும்பம் ஒருநாள் முடிவெடுத்தால் அதைக் கோழைத்தனம் என்று ஏசுவது நமக்கு எளிது.

உலகின் பிற நாடுகளில் இதை உணர்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகரில் 1985இல், அரசு வழக்கறிஞர் ஒருவரின் முயற்சியால், காவலர், மருத்துவர், உளவியலார், வழக்கறிஞர் ஆகியோர் குழந்தையைத் தேடி ஒரே வீட்டுக்கு வரும் ஏற்பாடு பிறந்தது. 1998இல் ஐஸ்லாந்து ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பெயரில் அதை அரசு அமைப்பாகவே நிறுவியது. அங்கே குழந்தை ஒருமுறை சொல்வதைப் பதிவுசெய்து அனைவரும் பயன்படுத்துகின்றனர். குழந்தை வாசல் வாசலாக அலைவதில்லை. துறைகளே குழந்தையிடம் வருகின்றன. நம் நாட்டிலும் பெண்களுக்காக 2015 முதல் மாவட்டந்தோறும் உருவான ஒருங்கிணைந்த சேவை மையங்களில் இக்கருத்தின் விதை உள்ளது.

இன்னும் முக்கியமான ஒன்று நம் விதிகளிலேயே இருக்கிறது. அதன் பெயர் ‘ஆதரவு நபர்’. குழந்தையும் பெற்றோரும் இசைந்தால், புகாரின் தொடக்கம் முதல் வழக்கின் முடிவுவரை அவர்களோடு கூட இருக்க ஒருவரைக் குழந்தைகள் நலக்குழு அமர்த்தலாம். வாசல் ஆறு ஆனாலும் கூட வரும் முகம் ஒன்றாக இருக்கட்டும் என்பதே இதன் நோக்கம். இத்தகையோரை உரிய முறையில் அமர்த்திப் பயிற்சி அளிக்கவேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் வலியுறுத்தியது. ‘கார்கி’யிலும் ‘சித்தா’விலும் நாம் தேடியது இந்த ஒரு பாத்திரத்தைத்தான். சக்தி அதன் அருகே வருகிறாள். ஆனால் கதை அவளை ஈஸ்வரனின் மனமாற்றத்துக்குப் பயன்படுத்துகிறதேயன்றி, குழந்தையின் நெடும்பயணத்துக்கு அனுப்பவில்லை.

திருச்சபைக்கும் இதே அளவுகோல்

மற்றவர்களை அளந்த கோலால் நம்மையும் அளப்பதே நேர்மை. தவறிழைத்தவரை வேறிடத்துக்கு மாற்றி, சொன்னவரைப் பேசாதிருக்கச் செய்த அப்சலோமின் வழி, உலகத் திருச்சபையின் பல பகுதிகளில் நடந்தேறியதை உலகமே அறியும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளியிட்டு, 2023இல் திருத்தி நிலைப்படுத்திய சட்டத் தொகுப்பு இதற்கு முற்றுப்புள்ளி வைக்க முனைகிறது. புகாரைப் பெறும் அமைப்பு மறைமாவட்டந்தோறும் இருக்கவேண்டும். சொல்பவரையும் குடும்பத்தாரையும் மாண்போடு வரவேற்று, செவிமடுத்து, உடன் பயணிக்க வேண்டும். ஆன்ம உதவியோடு மருத்துவ, உளவியல் உதவியும் தரவேண்டும் என்பன அதன் ஆணைகள். நாட்டுச் சட்டத்தின் கடமைகளை அது தள்ளிவைக்கவில்லை. குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் தெரிவித்தாக வேண்டும். மறைப்பது தண்டனைக்குரியது என்கிறது போக்சோ சட்டம். பள்ளியும் விடுதியும் நடத்தும் நமக்கு அது இரட்டைக் கடமை. நிறுவனத்தின் நற்பெயரைக் காக்க ஒரு குழந்தையின் வாயை அடைப்பவர், அந்த நற்பெயரையும் சேர்த்தே புதைக்கிறார்.

கூலிக்கு வந்த வழித்துணை

வாச்சாத்தியின் இரு தீர்ப்புகளும் செப்டம்பர் 29 அன்றே வந்தன. அதிதூதர்கள் மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகியோரின் விழா நாள் அது. தீமையை வெட்டி வீழ்த்தும் மிக்கேலையே நம் ஓவியங்களும் திரைக்கதைகளும் பெரிதும் விரும்புகின்றன. இப்பொருளில் நாம் நினைக்கவேண்டியவர் இரபேல்.

தோபித்து நூலில் கண்பார்வை இழந்த தந்தை, தொலைவிலுள்ள ஊருக்கு மகன் தோபியாவை அனுப்பவேண்டியிருக்கிறது. வழி தெரியாத இளைஞனுக்கு வழித்துணை தேடுகிறார். முன்வந்தவரிடம் குலம் விசாரித்து, நாளொன்றுக்கு ஒரு திராக்மா எனக் கூலியும் பேசி முடிக்கிறார். வந்தவர் வானதூதர் என்று எவருக்கும் தெரியாது. அவர் வழியில் வரும் இடரை எதிர்கொள்ளச் சொல்லித்தருகிறார். மருந்து எது என்று காட்டுகிறார். போன இடத்தில் வேலையை முடித்துத்தருகிறார். மகனைப் பத்திரமாக வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறார். தந்தையின் பார்வைக்கும் வழிசெய்கிறார். மகனுக்கும் குடும்பத்துக்கும் நலம் வந்த பிறகே தாம் யார் என்று சொல்கிறார்.

இக்கதையில் கூலி பேசிய செய்தி நமக்கு முக்கியம். துணை நிற்பது இரக்கச் செயல் மட்டுமன்று. பயிற்சியும் பொறுப்பும் ஊதியமும் உள்ள பணி. ஆதரவு நபருக்குத் திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத ஊதியம் தரவேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகளும் கூறுகின்றன. நம் பங்குகளில் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெண்கள், செவிலியர், சமூகப்பணி படித்த இளம்பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தங்கள் பெயரைப் பதிந்து, முறையான பயிற்சி பெற்று இப்பணிக்குச் செல்லலாம். நம் சமயத்துக் குழந்தை, பிற சமயத்துக் குழந்தை என்ற வேறுபாடு இதில் இல்லை.

வாசகர்கள் ஒவ்வொருவரும் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு குழந்தை உங்களிடம் சொன்னால் நம்புங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். உடலில் தீங்கு இருந்தால் முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். 1098 என்ற இலவச எண்ணை அழையுங்கள். குழந்தைகள் நலக்குழுவிடம் ஆதரவு நபரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அவள் பெயரை எவரிடமும் சொல்லாதீர்கள்.

எழுத்தாளர்களிடமும் திரைக் கலைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘கார்கி’ நம் ஐயத்தை நமக்குக் காட்டியது. ‘சித்தா’ நம் சினத்தைக் கேள்வி கேட்டது. இவ்விரண்டும் தமிழ்த் திரைக்குப் பெருமை சேர்ப்பவை. அடுத்த கதை, புகார் எழுதிய தாள் காவல் நிலையத்தில் முத்திரை பெறும் இடத்தில் தொடங்கட்டும். தாயும் மகளும் அரூரிலிருந்து தருமபுரிக்குப் பேருந்து ஏறும்போது, மூன்றாவது இருக்கையில் யார் அமர்ந்து வருகிறார் என்று அது சொல்லட்டும். அந்த இருக்கை வெறுமையாய் இருந்தால், அதையும் சொல்லட்டும்.